அரியணை ஏறிய இயங்குதளங்களும் அடைபட்ட எழுத்துகளும்

மன்னர்கள் முடிசூடியதையும் முடியிழந்ததையும் வரிசைப்படுத்திக் கூறுவதே வரலாறு என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. யாருக்குப் பின் யார் ஆண்டார் என்பதை மனப்பாடம் செய்து தேர்வெழுதிய தலைமுறை எங்களுடையது. அம்மரபுகள் எழுந்து வீழ நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. நம் கண்முன்னரோ, ஒருவர் பள்ளியில் சேர்ந்து பணி ஓய்வு பெறுவதற்குள் நாலைந்து பேரரசுகள் தோன்றி மறைந்துவிட்டன. மேசைமீது வைக்கும் கணிப்பொறியை ஆண்ட பேரரசுகள் அவை. 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் அவற்றைத் தமிழில் இயங்குதளம் என்கிறோம். கணிப்பொறியின் உறுப்புகளை இயக்குவதும் அதுவே. பிற நிரல்கள் நின்று தொழில் செய்யத் தளமாகிச் சுமப்பதும் அதுவே. ஆகவே இச்சொல் பொருத்தமான சொல்லாக்கம் என்பது என் கருத்து.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கணிப்பொறித் துறை நண்பர்கள் வினவக்கூடும். வேலை இருக்கிறது; சொல்லப்போனால் ஒரு வழக்கே இருக்கிறது.

2004ஆம் ஆண்டில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகச் சீறாப்புராண உவமைகளைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினேன். அக்கால வழக்கப்படி கையால் எழுதி, பேருந்து நிலையத்திற்கு எதிரே இருந்த டி.டி.பி. சென்டர் ஒன்றில் கொடுத்து அச்சுக்கோத்தேன். 148 பக்கங்கள். மெய்ப்புத் திருத்தவே ஒரு மாதம் கழிந்தது. பணி முடிந்ததும் அந்நிலையத்து இளைஞர் கோப்பை ஒரு குறுந்தகட்டில் பதிந்து கொடுத்து, "இது இருக்கும்வரை உங்களுக்குக் கவலையில்லை சார்" என்றார். என் கைப்படியை ஒரு மழைக்காலம் அழித்தபோது அவர் சொல்லை நம்பி நானும் கவலைப்படவில்லை. சென்ற ஆண்டு அதனை நூலாக்கக் கருதிக் குறுந்தகட்டை எடுத்தேன். தகடு பழுதுபடவில்லை, கோப்பும் இருந்தது, அதன் அளவிலும் குறைவில்லை. ஆனால் திரையில் தோன்றியது தமிழன்று. தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும், அயல்நாட்டு நாணயக் குறிகளும், வெற்றுக் கட்டங்களும் கலந்ததொரு கூளமாக அது இருந்தது. என் ஆய்வேடு அழியவுமில்லை, இருக்கவுமில்லை. இந்நிலைக்கு யார் பொறுப்பு என்று தேடப் புகுந்தபோதுதான் இயங்குதளங்களின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது.

பழைய அரசனின் உடையில் வந்த புதிய அரசன்

முதல் அரசர் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. கேரி கில்டால் என்பவர் கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் அமெரிக்கக் கடற்படையின் முதுநிலைக் கல்லூரியில் பாடம் சொன்னவர். 1974இல் இன்டெல் 8080 சில்லுக்காக அவர் உருவாக்கிய 'சிபி/எம்' என்பதே தனியாள் கணிப்பொறிகளில் பரவலான ஆட்சி பெற்ற முதல் இயங்குதளம் எனலாம். அந்நாளில் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறிக்கு எழுதிய நிரல் மற்றொரு நிறுவனத்தின் கணிப்பொறியில் ஓடாது. கில்டால் செய்த அரிய செயல், பொறிக்குப் பொறி மாறுகின்ற பகுதியை மட்டும் தனியே பிரித்து, 'பயாஸ்' என்று பெயரிட்டு ஒரு மூலையில் ஒதுக்கியதுதான். அம்மூலையை மட்டும் திருத்தி எழுதினால் போதும். மற்றவை எல்லாப் பொறியிலும் ஓடும். 1978இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலி இத்தளத்தின்மீது நின்றுதான் புகழ் பெற்றது.

1980இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணிப்பொறி செய்யப் புகுந்தபோது கில்டாலை நாடியது. உடன்பாடு ஏற்படவில்லை. ஐ.பி.எம். தூதுவர்கள் வந்த நாளில் அவர் வானூர்தி ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை இன்றும் வழங்குகிறது. நம் புலவர் வரலாறுகளில் வழங்கும் கர்ணபரம்பரைக் கதைகளுக்கு அது சற்றும் குறைந்ததன்று. அவர் அதை ஏற்றுக்கொண்டதில்லை. தோற்றவர்களைப் பற்றிக் கதை கட்டுவது எல்லா நாட்டிலும் எளிது.

அவ்விடத்தை நிரப்பியது பில் கேட்ஸ், பால் ஆலன் ஆகியோரின் மைக்ரோசாஃப்ட். அவர்களிடமும் அப்போது கைவசம் இயங்குதளம் இல்லை. சியாட்டில் நகரில் டிம் பேட்டர்சன் என்ற பொறியாளர் எழுதியிருந்த '86-டாஸ்' என்பதன் உரிமையை 1981 ஜூலையில் 50,000 டாலருக்கு வாங்கினர். இங்கு ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். பேட்டர்சன் தம் படைப்பைச் சிபி/எம் கையேட்டைப் பார்த்து, அதே முறையில் நிரல்களுக்கு விடை சொல்லுமாறு அமைத்திருந்தார். சிபி/எம்முக்கு எழுதப்பட்ட நிரல்களைச் சிறிது மாற்றிப் புதிய தளத்திற்குக் கொண்டுவர அது வழி செய்தது. வேர்ட்ஸ்டாரும் அவ்வாறே வந்து சேர்ந்தது. பழைய அரசனின் உடையை அணிந்து வந்த புதிய அரசனைக் குடிகள் ஏற்றுக்கொண்டனர்.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். கணிப்பொறி வெளியிடப்பட்டது. அதற்கு டாஸின் விலை 40 டாலர். கில்டாலின் புதிய பதிப்பாகிய சிபி/எம்-86 பின்னர்க் கிடைத்தபோது அதன் விலை 240 டாலர். போட்டி அவ்விலைப் பட்டியலிலேயே ஏறத்தாழ முடிந்துவிட்டது. எனினும் இதனினும் பெரிய செய்தி உடன்படிக்கைத் தாளில் இருந்தது. டாஸைப் பிறருக்கு விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1983 முதல் காம்பேக் போன்ற நிறுவனங்கள் ஐ.பி.எம். கணிப்பொறியைப் போலவே செய்து விற்கத் தொடங்கியபோது அனைவரும் வாங்க வேண்டியிருந்தது டாஸையே. பொறி செய்தவர்கள் ஒருவரோடொருவர் மோதி விலையைக் குறைத்துக்கொண்டிருக்க, அவர்கள் அனைவரிடமும் திறை பெற்ற ஒருவர் மட்டும் வளர்ந்தார்.

கில்டாலின் நிறுவனம் 1988இல் 'டிஆர் டாஸ்' என்ற பெயரில் மீண்டும் களம் புகுந்தது. மைக்ரோசாஃப்ட் டாஸில் ஓடுவன அனைத்தும் அதில் ஓடின. நினைவகத்தை அது சிக்கனமாகக் கையாண்டது. ஆயினும் கணிப்பொறி உற்பத்தியாளர்கள் பலரோடு மைக்ரோசாஃப்ட் செய்திருந்த உடன்படிக்கை வேறு வகையானது. எம்.எஸ். டாஸ் நிறுவினாலும் நிறுவாவிட்டாலும் விற்கும் ஒவ்வொரு பொறிக்கும் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். மற்றொன்றை நிறுவ விரும்பும் உற்பத்தியாளர் இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டும். எந்த வணிகர் அதைச் செய்வார்? அமெரிக்க நீதித்துறையின் தலையீட்டால் 1994 ஜூலையில்தான் மைக்ரோசாஃப்ட் இம்முறையைக் கைவிட இசைந்தது. அதே மாதத்தில் கில்டால் தம் 52ஆம் வயதில் காலமானார்.

தோற்ற நல்லரசு

'தரமானது வெல்லும்' என்று மேடைகளில் முழங்குகின்றோம். அம்முழக்கத்தை நம்புகிறவர்கள் ஓ.எஸ்./2 என்னும் இயங்குதளத்தின் கதையைப் படிக்க வேண்டும்.

டாஸின் குறைகள் யாவரும் அறிந்தவை. கோப்புக்குப் பெயரிட எட்டு எழுத்தும், ஒரு புள்ளியும், அப்பால் மூன்று எழுத்துமே அனுமதி. நிரல்களுக்கு 640 கிலோபைட்டுக்கு மேல் இடம் தருவதற்கு அது திணறியது. ஒரு வேளையில் ஒரு வேலை மட்டுமே செய்யும். இவற்றைக் களைய ஐ.பி.எம்.மும் மைக்ரோசாஃப்டும் கூடி உருவாக்கி 1987இல் வெளியிட்டதே ஓ.எஸ்./2. அதற்குள், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1973இல் முளைத்த கருத்து ஒன்று உலகைப் பற்றத் தொடங்கியிருந்தது. கட்டளைச் சொற்களைத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாகத் திரையில் படங்களைச் சுட்டி இயக்கும் முறை அது. 1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் அதை இல்லந்தோறும் கொண்டுசேர்க்க முனைந்தது. டாஸின்மேல் போர்த்திய ஆடையாக 1985இல் வந்த விண்டோஸ் முதற் பதிப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. 1990 மே மாதம் வந்த மூன்றாம் பதிப்பு பெருவெற்றி பெற்றது. கூட்டாளிகளின் உறவு முறிந்தது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு போயிற்று, ஓ.எஸ்./2 ஐ.பி.எம்.மின் தனிப்பிள்ளை ஆயிற்று.

1992இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு தம் காலத்துக்கு முந்திய படைப்பு என்று வல்லுநர் பலர் போற்றினர். ஒரு நிரல் நிலைகுலைந்தாலும் அடுத்த நிரல் பாதிப்பின்றி ஓடும். பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும்போது எந்த நிரலும் முழுப்பொழுதையும் பறித்துக்கொள்ள அது விடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, டாஸ் நிரல்களும் விண்டோஸ் நிரல்களும் அதில் ஓடின. 'டாஸினும் சிறந்த டாஸ், விண்டோஸினும் சிறந்த விண்டோஸ்' என்ற பொருளில் ஐ.பி.எம். விளம்பரம் செய்தது.

அந்த விளம்பரமே அதன் வீழ்ச்சியைச் சொல்லிவிட்டது என்பேன். விண்டோஸுக்கு எழுதிய நிரல் ஓ.எஸ்./2இலும் ஓடுமாயின், நிரல் எழுதுவோர் ஓ.எஸ்./2க்கெனத் தனியே ஏன் உழைக்க வேண்டும்? ஒருமுறை விண்டோஸுக்கு எழுதினால் இரண்டு சந்தையும் கைக்கு வந்துவிடுகிறதே! அதற்கென்றே எழுதிய நிரல்கள் பெருகவில்லை. அவை பெருகாததால் அதனை வாங்க மக்களுக்குத் தனிக்காரணம் இல்லாமற் போயிற்று. பழைய அரசனின் உடை டாஸுக்கு முடி தந்தது, ஓ.எஸ்./2க்கோ அதுவே கழுத்தை நெரித்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது? டாஸ் வந்தபோது புதிய சில்லும் புதிய பொறியும் உடன்வந்தன; பழைய அரசன் அவற்றில் கால்வைப்பதற்குள் அது அமர்ந்துவிட்டது. ஓ.எஸ்./2 வந்தபோது விண்டோஸ் அதே பொறியில் உயிரோடு, மலிவாக, முன்னரே நிறுவப்பட்டு வீற்றிருந்தது. மேலும் ஓ.எஸ்./2 வேண்டிய நினைவகம் அந்நாளில் விலை மிகுந்தது. ஐ.பி.எம். தானும் கணிப்பொறி விற்பவர் ஆதலின், போட்டி உற்பத்தியாளர்கள் அவரிடம் இயங்குதளம் வாங்கத் தயங்கினர்.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியாயிற்று. போர் அன்றே முடிந்தது. எனினும் ஓ.எஸ்./2 உடனே மறையவில்லை. வங்கிகளின் பணம் வழங்கும் பொறிகளுக்குள் பல்லாண்டுகள் அது ஓசையின்றி உழைத்தது. ஐ.பி.எம். தன் ஆதரவை நிறுத்தியது 2006 இறுதியில்தான். அதனை நம்பி நிரல் எழுதி வைத்தவர்களுக்காக 2017 முதல் ஆர்க்கா ஓ.எஸ். என்ற பெயரில் அதன் வழித்தோன்றல் ஒன்று விற்பனையாகிறது. நாடிழந்த மன்னனுக்கும் வாயில் காப்போர் சிலர் இருக்கவே செய்கின்றனர்.

அமிகா, பீ ஓ.எஸ். என இன்னும் சில நல்லரசுகள் இருந்தன. அவற்றை விரிக்கின் பெருகும். லினக்ஸ் மட்டும் வேறு இனம். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது இளைஞர் தொடங்கிய அதற்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லை; மூலநிரல் அனைவர்க்கும் திறந்து கிடக்கிறது. 2017 நவம்பர் பட்டியலின்படி உலகின் மிகுவேகக் கணிப்பொறிகள் 500இலும் ஓடியது அதுவே. 2008இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் அதுவே. மேசைக் கணிப்பொறியில் மட்டும் அது சிறுபான்மையாகவே இருக்கிறது. காரணம் மேலே சொன்னதுதான்: கடையில் வாங்கும் பொறியில் முன்னரே ஒன்று அமர்ந்திருக்கிறது.

இவற்றை எல்லாம் படித்தபின் எனக்குத் தெளிவானது இது. ஓர் இயங்குதளத்தின் அரியணையை அதன் திறமை தாங்குவது சிறிதளவே. மக்கள் எழுதி வைத்த கடிதங்களும் கணக்குகளும் நூல்களும் அதன் காலடியில் குவிந்து கிடக்கின்றனவே, அந்தக் குவியலே அதைத் தாங்குகிறது. நாம் அதை விட்டுப் போகத் தயங்குவது அதன்மீதுள்ள அன்பினால் அன்று. நம் எழுத்து அதனிடம் அடைபட்டிருக்கிறது.

இடம் மாறிய எழுத்துகள்

இனித் தமிழுக்கு வருவோம். அக்காலக் கணிப்பொறிகளில் ஓர் எழுத்துக்கு எட்டு பிட்டு என்பது கணக்கு. எட்டு பிட்டில் 256 இடங்கள் கிட்டும். முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் கட்டுப்பாட்டுக் குறிகளும் கைக்கொண்டுவிட்டன. எஞ்சிய 128க்குள் 247 எழுத்துகளும் கிரந்தமும் குடியேற வேண்டும். தனித்தனித் துண்டுகளாக, கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், மெய் ஓரிடம் என்று பங்கிட்டு, நம்மவர்கள் அதைச் சாதித்தனர். 1980களிலேயே கனடாவில் வாழ்ந்த அறிஞர் சீனிவாசன் 'ஆதமி'யையும், மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு'வையும் உருவாக்கினர். அவர்களின் தொண்டைத் தமிழ்த் துறையினர் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் குறை.

ஆனால் 'க' எந்த இடத்தில் அமர வேண்டும் என்பதை ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் தாமே முடிவு செய்தார். ஒருவர் 'க' வைத்த இடத்தில் மற்றவர் 'ங' வைத்தார். இயங்குதளமோ அவ்விடத்தில் இருப்பது ஓர் ஐரோப்பிய எழுத்து என்றே எண்ணிக்கொண்டிருந்தது. எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடியைப் போட்டுவிட்டது. முகமூடியைக் கழற்றினால் கூளம். என் ஆய்வேட்டுக்கு நேர்ந்தது இதுவே. அக்கோப்பைப் படைத்த பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. பழைய 16 பிட்டு நிரல்களை இன்றைய 64 பிட்டு விண்டோஸ் ஏற்பதில்லை. முகமூடி செய்தவரும் இல்லை. அதைத் தாங்கிய தளமும் இல்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களையும், 'தமிழ் 99' விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. நல்ல முயற்சி. ஆயின் அதற்கு முன்பே, உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி இடம் தரும் ஒருங்குறி 1991இல் வெளிவந்து, அதில் தமிழுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 2000இல் வந்த விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. தமிழகம் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல். இடைப்பட்ட பத்தாண்டுகளில் எத்தனை ஆய்வேடுகள், எத்தனை மலர்கள், எத்தனை சிற்றிதழ்கள் பழைய முகமூடியோடு உறங்கப் போயின!

பழையன கழிவது இயல்புதானே என்று தமிழ் மாணவர் யாரேனும் நூற்பா காட்டக்கூடும். மொழியில் நிகழும் மாற்றம் அத்தகையதன்று. பெரியார் வலியுறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதனால் பழைய நூல்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டனவா? துதிக்கை வைத்த 'லை'யை முதன்முறை பார்க்கும் சிறுவன்கூட இரண்டு வரி தாண்டுவதற்குள் அதைப் பிடித்துக்கொள்கிறான்.

எங்கள் வீட்டில் பாட்டனார் எழுதிய கணக்கேடு ஒன்று உண்டு. மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபுத்தமிழ் என்று நம் பெரியோர் வழங்கிய அவ்வெழுத்தை வாப்பா சரளமாக வாசிப்பார். நான் தட்டுத் தடுமாறி வாசிப்பேன். என் பிள்ளைகளுக்கு வராது. ஓர் எழுத்து கைநழுவிப்போக அங்கே மூன்று தலைமுறை ஆயிற்று. அவர்களும் விரும்பினால் கற்பிக்க இன்னும் ஆள் உண்டு. என் குறுந்தகடு கைநழுவ இருபது ஆண்டு போதுமாயிற்று. எழுதியவனாலேயே அதைப் படிக்க இயலவில்லை.

என் வழக்கு

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது கணிப்பொறித் துறைப் பேராசிரியர் ஒருவர் சிரித்தார். "இப்போது இயங்குதளம் எது என்று யார் சார் பார்க்கிறார்கள்? எல்லாம் இணைய உலாவியிலும் கைப்பேசியிலும் நடக்கிறது. கோப்பு எங்கோ ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் பத்திரமாக இருக்கிறது" என்றார். அவர் கூறியது உண்மை. ஆனால் அவ்வுண்மை எனக்கு ஆறுதல் தரவில்லை. அரியணை என் மேசையிலிருந்து எங்கோ தொலைவில் உள்ள அறைக்கு மாறியிருக்கிறது. என் எழுத்தும் உடன் போயிருக்கிறது. அங்கே கதவு மூடப்படும் நாளில் என்னிடம் குறுந்தகடுகூட இராது.

மற்றொரு மறுப்பும் எழும். சந்தையில் எது ஆள்கிறதோ அதைக் கற்றால்தானே பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்பார்கள் பெற்றோர். இதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். என் காக்கா 1992இல் டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் ஆகியன பயின்று சான்றிதழ் பெற்றார். வாப்பா கடன் வாங்கிக் கட்டிய கட்டணம் அது. நான்கே ஆண்டுகளில் அவர் வளைகுடாவுக்குச் சென்று நேர்காணலில் அமர்ந்தபோது அந்நான்கில் ஒன்றையும் கேட்பாரில்லை. இருப்பினும் அவருக்கு வேலை கிடைத்தது. லோட்டஸில் கணக்குப் போடக் கற்றபோது கட்டங்களைக் கொண்டு எப்படிச் சிந்திப்பது என்பதையும் கற்றிருந்தார். அதனால் எக்செல் அவருக்கு ஒரு வாரப் பாடமாயிற்று. அவரோடு பயின்றவர்களுள் விசைகளின் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மீண்டும் கட்டணம் கட்டினார்கள். ஆளும் இயங்குதளத்தைக் கற்பியுங்கள். வேண்டாம் என்று யார் சொன்னார்? அதன் பக்கத்தில் மற்றொன்றையும் வைத்து, இரண்டிலும் ஒரே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். எது பொறியின் இயல்பு, எது நிறுவனத்தின் வழக்கம் என்பது அப்போதுதான் மாணவருக்குப் பிரிந்து தெரியும்.

இதற்கு இப்போது வாய்ப்பும் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இல்லாத பொறிகளை முறைப்படி ஏற்பதில்லை. பல கல்லூரிகளின் ஆய்வகங்களில் நல்ல நிலையில் உள்ள கணிப்பொறிகள் இக்காரணத்தால் பழைய இரும்புக் கடைக்குச் செல்லக் காத்திருக்கின்றன. அவற்றில் லினக்ஸ் தயக்கமின்றி ஓடும். தமிழ் இடைமுகத்தையும் தன்னார்வலர்கள் பல்லாண்டு உழைத்துச் செய்துவைத்திருக்கின்றனர். பத்துப் பொறிகளையேனும் தமிழ்த் துறைக்குத் தரலாகாதா என்று நிருவாகத்தாரை இம்மலரின் வாயிலாகக் கேட்கின்றேன். கணிப்பொறி கேட்கும் தமிழாசிரியன் என்று நகைக்க வேண்டா. அவற்றில் செய்வதற்கு எங்களிடம் வேலை கிடக்கிறது. துறையின் பழைய மலர்களின் கோப்புகள் ஐந்து வகை எழுத்துருவில், ஒன்றை ஒன்று அறியாமல் கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு அச்சுப்படியும் இல்லை. எவ்வித அலங்காரமும் இல்லாத, எந்தத் தளத்திலும் திறக்கக்கூடிய ஒருங்குறி உரையாக அவற்றை மாற்ற வேண்டும். இனி வரும் ஆய்வேடுகளையும் அச்சுக் கோப்போடு அத்தகைய வெற்று உரையாகவும் ஒரு படி வாங்கி வைக்க வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை, பொறுமை தேவை.

பொறுமை தேவை என்பதை நான் அறிந்தே சொல்கிறேன். என் ஆய்வேட்டை மீட்டுத் தந்தவர் கணிப்பொறி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர். எந்தக் குறி எந்தத் தமிழெழுத்து என்று நானும் அவரும் ஒரு பட்டியல் எழுதினோம். பழைய எழுத்துருவில் கொம்பு முன்னே வரும், மெய் பின்னே வரும். ஒருங்குறியில் கண்ணுக்கு எப்படித் தோன்றினும் மெய் முன்னும் கொம்பு பின்னுமாகவே பதிவாகும். அவ்விடமாற்றத்தைச் செய்ய அவர் ஒரு சிறு நிரல் எழுதினார். ஒரு வாரத்தில் 148 பக்கமும் தமிழாக எழுந்து வந்தன. என் இருபது ஆண்டுக்கு முந்தைய நடையை அவர் உரக்கப் படித்தபோது எனக்குச் சற்று நாணமாகவும் இருந்தது.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. அந்த எழுத்துருவில் ஜ, ஷ, ஹ ஆகியவை அமர்ந்திருந்த இடங்களைப் பிற்கால நிரல் ஏதோ கட்டுப்பாட்டுக் குறி என்று கருதி நீக்கிவிட்டது போலும். என் உரைநடையில் வரும் கதீஜா, ஹம்ஸா, ஆயிஷா எனும் பெயர்கள் எல்லாம் நடுவிலும் தொடக்கத்திலும் ஓட்டை விழுந்து நிற்கின்றன. உமறுப்புலவரோ கதீசா என்று தமிழ் ஒலிக்கு இசைய எழுதியவர் ஆதலின், நான் எடுத்துக்காட்டிய செய்யுள்களுக்கு ஒரு குறையும் நேரவில்லை. அவர் பாட்டு முழுமையாக நிற்க, என் விளக்கம் பொத்தல் பட்டுக் கிடக்கிறது. நாள்தோறும் மாலையில் இரண்டு பக்கம் வீதம் ஓட்டைகளை அடைத்து வருகிறேன். இதை எழுதும் இன்று 93ஆம் பக்கத்தில் இருக்கிறேன்.